பின் நம்பரும் குண்டூசியும்

குண்டூசியின் அப்பா லேமினேஷன் கடை வைத்திருந்தார். கையில் கிடைத்த எதையும் அவர் சும்மா விடமாட்டார். அம்மாவின் மருந்துச் சீட்டு, கரண்ட் பில், குண்டூசி முதல் வகுப்பில் வரைந்த யானை எல்லாமே வீட்டில் பிளாஸ்டிக்குக்குள் பளபளத்தன. "கொஞ்சம் அசந்து உட்கார்ந்தா என்னையும் உள்ள விட்டுருவீங்க" என்று அம்மா ஒருமுறை சொன்னாள்.

குண்டூசி என்பது வீட்டில் மகளுக்கு வைத்த பட்டப்பெயர். ஆறாம் வகுப்பு. ஆள் ஒல்லி. கேள்வி கேட்டால் நறுக்கென்று குத்தும்.

அந்த வாரம் வங்கியில் எல்லாருக்கும் புது கார்டு கொடுத்தார்கள். பழைய கார்டின் முதுகில் ஒரு கறுப்புப் பட்டை மட்டும்தான் உண்டு. திருடர்கள் அதைச் சுலபமாக நகலெடுத்துவிடுகிறார்களாம். புதியதில் விரல்நகம் அளவுக்குப் பொன்னிறத்தில் ஒரு சிப் பதித்திருந்தார்கள். இனிமேல் கடையில் கார்டைத் தேய்த்துக் கையெழுத்துப் போட்டால் போதாது. மெஷினில் செருகி, நாலு இலக்க எண்ணையும் அழுத்த வேண்டும்.

அப்பா ஏடிஎம் பக்கமே போனதில்லை. பணம் எடுப்பதெல்லாம் அம்மா, அவளுடைய கார்டில். அதனால் வங்கி ஊழியர் ஓர் உறையை நீட்டி, "இதுக்குள்ள பின் நம்பர் இருக்கு, பத்திரமா வச்சுக்கங்க" என்றபோது, அப்பா தனக்குத் தெரிந்த வழியில் பத்திரப்படுத்தினார்.

அது என்ன வழி என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது.

அன்று லேமினேஷன் பிலிம் தீர்ந்துபோயிருந்தது. குண்டூசியின் பள்ளிக்கூடத்து அடையாள அட்டைகள் முழுவதும் அப்பாவின் மேசையில் குவிந்து கிடந்தன. திங்கட்கிழமை காலை தராவிட்டால் வேலையைப் பஸ் நிலையத்துக் கடைக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பாவுக்கு அந்த ஆண்டின் பெரிய வேலையே அதுதான்.

பிலிம் விற்கும் மொத்த வியாபாரக் கடை சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். அப்பாவும் குண்டூசியும் போனபோது ஊழியர் ஒருவர் பெருக்க ஆரம்பித்திருந்தார். பில் போடும் அக்கா கார்டைக் கேட்டாள். அப்பா சட்டைப்பையிலிருந்து பெருமையாக எடுத்து நீட்டினார்.

அக்கா அதை மெஷினில் செருகிப் பார்த்தாள். போகவில்லை. தேய்த்துப் பார்த்தாள். சிப் கார்டைச் செருகவும் என்று மெஷின் கேட்டது. கார்டைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"அண்ணே, இதுக்கு மேல என்ன ஒட்டியிருக்கீங்க?"

"லேமினேஷன்மா. மெஷின் சூடு பட்டா கார்டு வளைஞ்சுரும்னு கைப்பட பிலிம் ஒட்டினேன். ஒரு குமிழ் இருக்கா பாரு."

குமிழ் இல்லை. வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்து அதை ஒப்புக்கொண்டார்கள். அக்கா கார்டைத் திருப்பினாள். "பின்னாடி ஏதோ நம்பர் எழுதியிருக்கே" என்று படிக்க வாயெடுத்தாள்.

குண்டூசியின் கை அதற்குள் கார்டின் மேல் விழுந்தது. "அக்கா, இது வேற கார்டு. மாத்தி எடுத்துட்டு வந்துட்டோம். இதோ வந்துடறோம், கடையை மூடிடாதீங்க" என்று சொல்லி அப்பாவின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"அது நம்ம கார்டுதானே?" என்றார் அப்பா.

"பின்னாடி எழுதியிருக்கிறது என்ன நம்பர்?"

"பின் நம்பர்."

"அதை எதுக்குப்பா கார்டுல எழுதினீங்க?"

"வேற எங்க எழுதுறது? பின் நம்பர்னா பின்னாடி எழுதுற நம்பர்தானே. அழியக் கூடாதுன்னுதான் லேமினேட் பண்ணினேன்."

குண்டூசிக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். கடைக்குள்ளிருந்து இன்னும் இரண்டு பேர் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பின்னுன்னா பின்னாடி இல்லப்பா."

"பின்ன?"

"அது இங்கிலீஷ் பின்."

அப்பா யோசித்தார். "குண்டூசியா?"

"அப்படியே வச்சுக்கங்க. அது ரகசிய நம்பர். பூட்டுக்குச் சாவி மாதிரி. நீங்க சாவியைப் பூட்டுலயே ஒட்டிட்டீங்க. இதை யார் யார்கிட்டக் காட்டினீங்க?"

அப்பா விரல் மடக்கத் தொடங்கினார். எதிர்க்கடைத் தச்சர், முடிதிருத்தும் மாமா, பேப்பர் போடுபவர். குமிழ் இல்லாமல் ஒட்டுவது எப்படி என்று எல்லாருக்கும் விளக்கியிருந்தார். கொஞ்ச நேரத்தில் விரல்களை விட்டுவிட்டார். முகம் சுருங்கியது.

தெருமுனையில் வங்கியின் ஏடிஎம் இருந்தது. அம்மாவோடு அங்கே போயிருந்த குண்டூசிக்குத் திரையில் ‘பின் மாற்ற’ என்று ஒரு பொத்தான் வரும் என்பது தெரியும். அதற்கு முன் பிலிமை உரிக்க வேண்டும். அவள் நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. அப்பா வாங்கி, மூலையை லேசாக வளைத்து ஒரே இழுப்பில் உரித்தார். சிப்பில் ஒரு கீறல் இல்லை. அந்த வேலை அவருக்கு நன்றாக வரும். மையும் பிலிமோடு வந்துவிட்டது. அதைச் சுக்குநூறாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பழைய எண்ணை அழுத்தினார். புது எண் கேட்டது.

"உன் பிறந்தநாளை வச்சுடவா?"

"அது ஊருக்கே தெரியும். என்கிட்டச் சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மாகிட்டயும்."

"அம்மா கேட்டா?"

"சிரிங்க."

அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பின்னால் நாலு முறை பொத்தான் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு நாலு.

அவர்கள் திரும்பியபோது மொத்தக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். அப்பா கார்டைத் தானே செருகி, கையால் மறைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினார். சீட்டு வந்தது. பில் போடும் அக்கா கார்டைப் பார்த்தாள், குண்டூசியைப் பார்த்தாள். பிலிம் ரோலைத் தூக்கிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை அட்டைகள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. அன்று மாலை குண்டூசி அப்பாவின் கடையில் இருந்தபோது முடிதிருத்தும் மாமா வந்தார். அவருக்கும் புது கார்டு வந்திருந்தது.

"உங்க கார்டு மாதிரியே போட்டுக் கொடுங்க. குமிழ் வரக் கூடாது."

அப்பா கார்டை வாங்கித் திருப்பினார். அழகான கையெழுத்தில் நாலு எண்கள். சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

"முதல்ல ஏடிஎம்முக்குப் போய் இந்த நம்பரை மாத்துங்க மாமா. நிறைய பேர் இப்படித்தான் தப்பா நினைச்சுக்கிறாங்க. பின்னுன்னா பின்னாடி இல்ல."

"பின்ன?"

"குண்டூசி" என்றார் அப்பா.

மாமா ஒன்றும் புரியாமல் திரும்பி அவளைப் பார்த்தார்.