கவிழ்ந்து கிடந்த கொசுத் தட்டுகள்

வாங்க கண்ணுங்களா, ஃபேனுக்குக் கீழே நெருங்கி உட்காருங்க. ஒரு கொலைக் கதை சொல்றேன். பயப்படாதீங்க... இதில் ரத்தம் சிந்தாது. செத்ததெல்லாம் ரத்தம் குடிக்கிற வம்சம்!

"வீல்ல்ல்...!"

வண்டலூர் பக்கம் புதிதாகக் கட்டிய பொதுச் சுகாதாரக் கல்லூரி அந்த அலறலில் அதிர்ந்தது.

பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. தாம்பரம் பழைய கட்டடத்திலிருந்து முந்தின நாள்தான் சாமான்கள் வந்து இறங்கின. பாதி அறைகளுக்குப் பெயர்ப் பலகை கூட இல்லை.

அலறியவள் ஜெய்னப். ஆராய்ச்சி மாணவி.

செக்யூரிட்டி லாசரஸ் ஓடி வந்தார். "இன்னாம்மா ஆச்சு? பாம்பா?"

"செத்துப் போச்சுண்ணா! எல்லாம் செத்துப் போச்சு!"

"யாரு?!"

"என் கொசுப்புழுங்க!"

லாசரஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அட போம்மா! ஊரே அத்த சாவடிக்கத்தான அலையுது!"

"இது எந்த மருந்துக்கும் சாகாத வம்சம்ணா! மூணு வருஷமா வளர்த்தேன். இது இல்லேன்னா என் பிஎச்டி காலி. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்!"

"மருந்துக்கே சாவாதது... எப்டிம்மா செத்துச்சு?"

அதானே?!

புது இயக்குநர் ஹெப்சி புயலாக வந்தார். அன்று காலைதான் பொறுப்பேற்றவர். சென்னை வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூரில் வீடு வீடாக ஏறி டெங்குவை விரட்டிய அதிகாரி.

"யாரும் எதையும் தொடாதீங்க! காய்ச்சல் பரவினா எப்படி விசாரிப்போம்? யாரு, எங்க, எப்போ... அவ்வளவுதான். ஆளு மாட்டிடுவான்!"

புழுக்கள் வளர்ந்த தட்டுகளைப் பார்த்தார்.

தண்ணீரைக் கொட்டி... உட்புறத்தைப் பளபளவென்று தேய்த்து... வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்!

"கொடியில காயப்போட்ட வெள்ளைத் தாளையும் காணோம் மேடம்!" ஜெய்னப் தரையில் சரிந்தாள். "அதுல ஒட்டின முட்டை காஞ்சாலும் மாசக்கணக்குல உசுரோட இருக்கும். அது கெடச்சாக்கூடப் பொழச்சுக்குவேன்!"

ஹெப்சியின் கண்கள் சுருங்கின. "இந்த ரூமுக்கு யாராவது சண்டை போட்டாங்களா?"

"கேசவன் சார்..."

பேராசிரியர் கேசவன் வரவழைக்கப்பட்டார். வியர்த்தார்.

"ரூம் கேட்டேன் மேடம், ஒத்துக்கறேன். அதுக்காகத் தட்டைத் தேய்ப்பேனா? எங்க வீட்லயே நான் ஒரு தட்டு கழுவுனதில்ல!"

"அதை உங்க மிஸஸ்கிட்ட தனியா விசாரிக்கறேன்!" சீறினார் ஹெப்சி. "யோசிங்க சார்! திருடன் கொட்டிட்டு ஓடுவான். தேய்ச்சுக் கவுத்து வைப்பானா? இது பழகின கை!"

பேசிக்கொண்டே நடந்தார். ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி. அடியில் ஒரு தட்டு. அதில் கொஞ்சம் தண்ணீர்.

"அந்தக் கை..." தட்டை உருவினார்.

"ஈவு இரக்கமே இல்லாத கை..." ஜன்னல் வழியே கொட்டினார்.

"சிக்கட்டும், சும்மா விடமாட்டேன்!" விரலை விட்டுச் சுற்றித் தேய்த்தார். கவிழ்த்து வைத்தார்.

மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள்.

"என்ன, எல்லாரும் என்னையே பாக்கறீங்க?"

"மேடம்..." ஜெய்னப் மெல்லக் கேட்டாள். "காலைல... இந்தப் பக்கம் ரவுண்ட்ஸ் வந்தீங்களா?"

ஹெப்சி தட்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஐயையோ! புழு நெளியற தண்ணி... கதவுல போர்டும் இல்ல... ஷிஃப்டிங்ல யாரோ அசால்ட்டா விட்டதுன்னு... கை தன்னால போயிடுச்சும்மா!"

"தாளு மேடம்? தாளு?!"

"குப்பைன்னு எடுத்தேன். இங்க இன்னும் குப்பைத்தொட்டி வரலையே... அதனால..."

கைப்பையைத் திறந்தார்.

டிபன் பாக்ஸுக்கும் தைல டப்பிக்கும் நடுவில்... வெள்ளைத் தாள்கள்! கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள்! முட்டைகள்!

ஜெய்னப் பாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "தண்ணில போட்டா பொரிஞ்சுடும் மேடம்!"

"போடும்மா, நானே தண்ணி புடிச்சுத் தரேன்!" ஹெப்சி கண்ணைத் துடைத்தார். "ஆனா டெங்குவை வெரட்டின ஹெப்சி, ஹேண்ட்பேக்ல கொசு வளத்தாள்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க!"

லாசரஸ் தொண்டையைக் கனைத்தார். "அதில்ல மேடம்... டிரம்முல புழு கீதுன்னு எங்க வூட்டுக்கு ஃபைன் போட்டதே நீங்கதான். இப்ப பையி உங்களுது... ஃபைன் யார் போடறது?"

அவ்வளவுதான் என் செல்லங்களா! உங்கள் வீட்டில் தண்ணீர் என்றைக்கும் வற்றாமல் இருக்கட்டும். பிள்ளைகள் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நிம்மதியாகத் தூங்கட்டும். பாத்திரத்தை மட்டும் மூடியே வையுங்க...

ஹெப்சி மேடம் உங்க தெருவுக்கு வந்தா, ரசத்தைக்கூடக் கொட்டிட்டுக் கவுத்து வச்சிடுவாங்க!