நடக்கும் வேகம்

பீமை நிறுத்திய பிறகும் திரையில் அந்த முகடு நின்றது.

குழாய்க்குள் பீமாக, அதாவது கற்றையாகப் பாயும் கதிரியக்க அயனிகள் லேசர் ஒளி பட்டால் மினுங்கும். அந்த மினுக்கத்தை எண்ணி முகடாக வரைவதுதான் அவள் வேலை. அயனி இல்லையென்றால் முகடும் இல்லை. ஜன்னலில்லாத கட்டுப்பாட்டு அறையில் ஏசியின் முனகலும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், பக்கத்து நாற்காலியில் கணவன் விட்டுப்போன ஸ்வெட்டரும் இருந்தன. போனை எடுத்தாள்.

"பீம் நிஜமாவே நின்னுடுச்சா?"

"நிறுத்திப் பத்து நிமிஷம் ஆச்சு மேடம்," என்றார் ஆபரேட்டர். "சார் எங்க? டீக்கு வரேன்னாரு, ஆளையே காணோம்."

பீம் கூடத்துக்குள் போகும் ஒவ்வொருவரும் பலகையிலிருந்து ஆளுக்கொரு சாவி எடுத்துப் போக வேண்டும். எல்லாச் சாவியும் திரும்பினால்தான் பீம் ஓடும்; ஓடும்போது உள்ளே இருப்பவரைக் கதிர்வீச்சு கொன்றுவிடும். மதியம் லேசர் கண்ணாடிகளைச் சரிசெய்யப் போனபோது, "ஒரு குடும்பத்துக்கு ரெண்டு சாவி எதுக்கு?" என்று சிரித்தபடி அவள் சாவியிலேயே கணவனும் நுழைந்தான். வெளியே வந்தவள், அவன் பின்வாசல் வழியாகப் போயிருப்பான் என்று நினைத்துச் சாவியை மாட்டினாள். பீம் நாற்பது நிமிடம் ஓடியது.

கூடத்தின் கேமராவைத் திறந்தாள். ஈயச் சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

"உடனே ஆள் அனுப்புங்க," என்றாள், உப்பை எடுக்கச் சொல்லும் குரலில். "அவரு உள்ளதான் இருக்காரு."

அவனிடம் ஓட வேண்டும் போலிருந்தது. கண் திரைக்குத் திரும்பியது.

முகடு நகர்ந்தது.

ஒளியை நோக்கி எது வந்தாலும், அதன் வேகத்துக்கேற்ப முகடு விலகும். அயனிகளுக்கு நொடிக்கு இரண்டு லட்சம் மீட்டர். பழக்கத்தில் கை தானாகக் கணக்குப் போட்டது. இதற்கு ஒரு மீட்டர்.

நடக்கும் வேகம்.

கேமராவில் அவன் அசையவில்லை. குழாய் மணிக்கட்டுப் பருமன்தான். ஆனாலும் உள்ளே ஏதோ வந்துகொண்டிருந்தது. முகட்டின் அசைவில் ஒரு காலடி நீளம். ஒரு காலடி குட்டை. இடது காலைத் தாங்கி நடப்பவனின் நடை. பதினைந்து வருடமாக அவள் அதைத்தான் மாடிப்படியில் கேட்டுவந்தாள்.

மினுக்கத்தைப் பார்க்கும் குழாய் ஜன்னலுக்கு இன்னும் எட்டு மீட்டர்.

மூன்று.

நின்றது. அந்தச் சிறிய கண்ணாடி ஜன்னலுக்கு நேரே.

கேமராவை அங்கே திருப்பினாள். காற்றே இல்லாத குழாயின் கண்ணாடியில், உள்பக்கமிருந்து, மூச்சு படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது.