துருவத்தில் கிழக்கு வாசல்

தென் துருவத்தில் வீடு வந்து இறங்குவதை இப்போதெல்லாம் யாரும் அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை. ஓசூர் ஆலையில் தயாரான எஃகுச் சுவர்களைப் பறவூர்தி பனியில் போட்டுவிட்டுப் போகும். கட்டுமானி என்கிற எந்திரன், நாம் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் மாட்டி முடித்துவிடும்.

அன்றைக்குப் பார்த்தா அது மக்கர் பண்ண வேண்டும்?

பனிப்புயல் பழைய கூடாரத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஆலையின் பொறியாளர் பூங்கோதையும் பனி ஆய்வாளர் அந்தோணியும் வெட்டவெளியில் நின்றார்கள். உடுத்திருந்த சூட்டாடையில் மின்சாரம் தீர்ந்துகொண்டிருந்தது. புது வீட்டுக்குத் தூணும் கூரையும் எழும்பியாகிவிட்டது. முதலில் மாட்ட வேண்டிய வாசல் சுவரைத் தூக்கிக்கொண்டு கட்டுமானி செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது.

“அடேய், எங்கயாவது மாட்டித் தொலையேன்!” என்று கத்தினாள் பூங்கோதை.

“முதலாளி கட்டளை, கிழக்கு வாசல். கிழக்கைத் தேடுகிறேன்.”

முதலாளி சபாபதி வாஸ்து பார்க்காமல் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். எந்திரன் மூளையிலும் அதைப் பூட்டி அனுப்பியிருக்கிறார், புண்ணியவான்! வீடோ துருவப் புள்ளியின் மேலேயே நிற்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் வடக்குத்தான். கிழக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது.

“மூடநம்பிக்கைக்கு ரெண்டு உயிர் பலியா?” அந்தோணியின் பற்கள் தந்தியடித்தன. “அறிவியல் இவ்வளவு வளர்ந்து என்னங்க பிரயோஜனம்?”

ஓசூரோடு பேசலாமென்றால் புயலில் தொடர்பு அறுந்து கிடந்தது. விரல்கள் மரத்துவிட்டன. செத்துவிடுவோம் என்று பூங்கோதை நிஜமாகவே பயந்தாள். அப்போதுதான் முதலாளி வருவோர் போவோரிடமெல்லாம் ஓதுவது அவள் நினைவுக்கு வந்தது.

“கட்டுமானி! தேடினது போதும், இங்க கிழக்கே இல்ல. கிழக்கு அமையலைன்னா முதலாளி என்ன செய்யச் சொல்லியிருக்காரு?”

எந்திரன் நின்றது. “வடக்கு வாசல். குபேர திசை.”

“அப்ப வடக்கே வைடா, ராசா!”

அது அந்த இடத்திலேயே திரும்பி, கைக்கெட்டிய பக்கத்தில் வாசலை மாட்டியது. மற்றச் சுவர்கள் மளமளவென்று ஏறின. இருவரும் உள்ளே போய் விழுந்தார்கள். வீட்டைச் சூடாக்கும் எந்திரம் உறுமத் தொடங்கியதும் பூங்கோதை அழுதேவிட்டாள்.

புயல் அடங்கித் தொடர்பு வந்ததும் முதலாளியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். மனிதர் அசரவே இல்லை.

“பாத்தியாம்மா? கடைசியில உங்களைக் காப்பாத்தினது வடக்கு வாசல்தானே!”

பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் அந்தோணி தொண்டையைச் செருமினார்.

“மேடம்... அடுத்த வாரம் இன்னொரு வீடு வருதில்ல? எதுக்கும் அதுக்கும் வடக்கு வாசலே வைக்கச் சொல்லிடுங்களேன்.”