தேயாத கட்டடம்

கதவின் கைப்பிடியில் பூச்சு போகவில்லை. அவன் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஆறு வருடமாக நானூறு பேர் காலையும் மாலையும் பிடித்து இழுக்கும் கைப்பிடி, உள்ளங்கை படும் இடத்தில் வெளுத்து, அடியில் இருக்கும் உலோகம் தெரிந்து, வியர்வைப் பிசுக்கோடு இருக்க வேண்டும். இது கடையில் காகிதம் பிரித்து மாட்டியது போல இருந்தது. மாற்றியிருந்தால் அந்தச் செலவு கணக்கில் வந்திருக்கும். வரவில்லை. இந்தக் கட்டடத்தில் எந்தச் செலவுமே வரவில்லை என்பதால்தான் அவன் இங்கே வந்து நின்றான்.

ஆபீசில் அவனைப் பம்பு என்பார்கள். மோட்டார் அறையில் கிரீஸ் துணியோடு வேலைக்குச் சேர்ந்து, முட்டி மோதிப் படித்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வந்தவன். இருநூறு கட்டடங்களைப் பராமரிக்கிற கம்பெனி. தண்ணீர், கரண்ட், லிஃப்ட், துடைப்பது, கழுவுவது எல்லாம் சேர்த்து எந்தக் கட்டடத்துக்குச் சதுர அடிக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அடுத்த வருடம் எவ்வளவு ஆகும் என்று சொல்வது அவன் வேலை. இருப்பதிலேயே குறைவாக ஆகும் கட்டடம்தான் மற்றவற்றுக்கு அளவுகோல். எல்லாம் அதன் மட்டத்துக்கு இறங்க வேண்டும். இறக்குவது என்றால் ஆட்களை இறக்குவது.

இந்தக் கட்டடத்தை அளவுகோலாக்கினால் ஒரு கட்டடத்துக்கு ஒரே ஒரு துப்புரவுக்காரி போதும். இரண்டு தெரு தள்ளி, இதே கம்பெனி பராமரிக்கும் இன்னொரு கட்டடத்தில் அவன் மனைவியோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கள்ளக்கணக்கு மேடம். நேர்ல ஒரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்" என்று மேலாளரிடம் கேட்டிருந்தான்.

"உனக்கு எங்கயாவது ஒழுகணும் பம்பு, இல்லைன்னா தூக்கம் வராது. போய்ட்டு வா. சாயங்காலம் போன் பண்ணுவேன். சரியா, தப்பா, ஒரே வார்த்தை. அதுக்கு மேல கதை அளக்கக் கூடாது."

காலையில் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "பொய்னு எழுதிட்டு வந்துடுங்க. எங்க பன்னெண்டு பேர் வயித்துல அடிச்சுடாதீங்க."

"பொய்யாதான் இருக்கும். நானூறு பேர் இருக்கிற இடம்டி. ஒருத்தன்கூட ஒண்ணுக்குப் போகாமயா இருப்பான்?"

"நீங்க போனாலே அந்தக் கணக்கு ஏறிடும்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

உண்மையில் காலையிலிருந்தே அவனுக்கு முட்டிக்கொண்டிருந்தது. காவலாளி வழிகாட்டிய பக்கம் வேகமாக நடந்தான். கழிப்பறை வெளேரென்று இருந்தது. பினாயில் வாடை இல்லை. மூத்திர வாடையும் இல்லை. ஈரத்தின் வாடைகூட இல்லை. எந்தக் கழிப்பறையிலும் ஒரு குழாயாவது சொட்டும். பல வருடம் அந்தச் சத்தத்திலேயே பிழைத்த காது அவனுடையது. அது தேடித் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது. பீங்கானில் மஞ்சள் கறை இல்லை. குப்பைக் கூடையில் மாட்டிய பை மடிப்பு கலையாமல் இருந்தது.

பேண்ட்டைத் தளர்த்திக்கொண்டு நின்றான். வரவில்லை. அடக்கிக்கொண்டு நிற்பது போலவும் இல்லை. முட்டல் போயிருந்தது. மதியச் சாப்பாட்டுப் பசியும் போயிருந்தது.

தண்ணீர் மீட்டரைத் தேடிக் கீழே போனான். ஒழுங்கான மீட்டர், முத்திரை உடையவில்லை. பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டதும் முள் ஓடியது, மூடியதும் நின்றது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒரு திருட்டு இணைப்புகூட அகப்படவில்லை. கணக்கு நிஜம்.

ஆட்களும் நிஜம். மாடியில் வரிசை வரிசையாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் இருமவில்லை. நாற்காலி ஒன்றுகூடக் கிரீச்சிடவில்லை. அவன் குனிந்து ஒரு பெண்ணின் காலடியில் கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தான். மிதியே படாதது போல அதன் இழைகள் நிமிர்ந்து நின்றன. அவள் கீழே பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சிரிப்பது போலச் சிரித்தாள். "உக்காருங்களேன்" என்றாள்.

லிஃப்ட்டுக்கு ஓடினான். உள்ளே போய் மூலையில் ஒட்டிக்கொண்டான். கதவு மூடுவதற்குள் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். ஆள் ஏறினால் லிஃப்ட் நூலளவாவது தாழும். எவ்வளவு நல்ல கயிறாக இருந்தாலும் தாழும். அவன் உள்ளங்கால் அதற்காகக் காத்திருந்தது.

ஒருவர் ஏறினார். தாழவில்லை. அடுத்தவர், தடித்த ஆள். தாழவில்லை. மூன்றாமவர். நான்காமவர்.

தோளோடு தோள் இடித்து நின்றார்கள். சூடு இல்லை.

தான் ஏறியபோது தாழ்ந்ததா? நினைவில்லை.

கீழ்த்தளம் வந்தது. இறங்கினான். தன் பாரம் நீங்கி லிஃப்ட் மேலே எழும்ப வேண்டும். திரும்பி நின்று பார்த்தான்.

எழும்பவில்லை.

போன் அடித்தது.

"என்ன பம்பு, சரியா தப்பா?"

தப்பு என்கிற சொல் நாக்கில் தயாராக இருந்தது. மனைவியின் முகத்தை நினைத்தான். வந்தது. சுவரில் மாட்டிய யாரோ ஒருத்தியின் படம் போல வந்தது. பன்னிரண்டு பேர். அதுவும் வெறும் எண். நெஞ்சில் கைவைத்துப் பார்த்தான். பயம் இருக்க வேண்டிய இடம் துடைத்து வைத்தது போல இருந்தது.

"சரி" என்றான்.

"அப்பாடா. உன் வாயால வரணும்னுதான் காத்திருந்தேன். ஆள் குறைக்கச் சொல்லி இப்பவே எல்லாக் கட்டடத்துக்கும் அனுப்பிடறேன்."

தெருவில் வெயில் இருந்தது, உறைக்கவில்லை. ஓட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. நடந்தான்.

மனைவி வேலை பார்க்கும் கட்டடத்தின் வாசலில் பதினொரு பெண்கள் பைகளோடு நின்றிருந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். "உன் பெண்டாட்டியை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. நல்லா இருங்கப்பா" என்று இன்னொருத்தி காறித் துப்பினாள். எச்சில் அவன் சட்டையில் பட்டது. அவன் துடைக்கவில்லை.

கூடத்தில் அவள் தனியாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்த கூட்டம் அவளைச் சுற்றிப் பேச்சில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு வாடி."

"நீங்க போங்க. எனக்கு வலிக்கவே இல்லைங்க." நிமிராமல் சொன்னாள். "அதுக்குள்ள ஆறு மாடி முடிச்சுட்டேன். மறுபடி கீழேயிருந்து ஆரம்பிச்சிருக்கேன்."

வாளியில் தண்ணீர் தெளிந்து அடி தெரிந்தது. பினாயில் தின்று வெடித்த கையை அவள் முழங்கை வரை அதற்குள் விட்டுத் துணியை அலசினாள். இடமும் வலமும் அலசினாள். முறுக்கினாள். மறுபடி அலசினாள்.

தண்ணீர் அசையவில்லை.