கல் உப்பின் மேல் சத்தியம்

பொம்மையின் வாய் ஈரமாக இருந்தது. இரண்டாயிரத்து ஐந்து மே மாதத்து உச்சி வெயிலில், பாத்தி பாத்தியாய்க் கண்ணைக் கூசவைக்கும் மரக்காணம் உப்பளத்துக்கு நடுவே, பந்தல் துணி படபடக்கும் சத்தத்தையும் ஜெனரேட்டரின் டீசல் வாடையையும் தாண்டி, நடிகை பூவிழிக்கு அது மட்டும்தான் தெரிந்தது. தொட்டுப் பார்த்தாள். விரல் பிசுபிசுத்தது.

"உப்புக் காத்துங்க மேடம். இங்க எல்லாமே கசியும்" என்றான் ஜான்சன். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பொம்மைக்குள் கைவிட்டு ஆட்டுகிறவன் அவன்தான். டிவி நிகழ்ச்சியில் விருந்தாளிகளைப் பேட்டி எடுக்கும் பொம்மை அது. அதற்கான குரலைப் பிறகு சென்னையில் சேர்ப்பார்கள். ஷூட்டிங்கில் அதன் கேள்விகளை டைரக்டர் தமிழ்வேந்தன் கேமராவுக்குப் பின்னாலிருந்து படிப்பார்.

ஏழு வருடம் சீரியலில் அழுது ஊரையே அழவைத்தவள் பூவிழி. ஆனால் அழுத குரல் அவளுடையது இல்லை. கொளஞ்சியம்மாள் என்று ஒரு டப்பிங்காரி. டைட்டிலில் ஒருநாளும் பேர் வராதவள். போன ஐப்பசியில் செத்துப்போனாள். பூவிழி சாவுக்குப் போகவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதெல்லாம் பள்ளிக்கூடச் சுவரோடு சரி. பேட்டிக்குப் பேட்டி "என் சொந்தக் குரல்தான்" என்று சொல்லி வைத்திருந்தாள். புது சீரியல்காரர்கள் அதை நம்பி, நீங்களே பேசிவிடுங்கள் என்று விட்டார்கள். ஆறு மாதமாகக் கேசட் போட்டு அந்தக் குரலைப் பேசிப் பழகியிருக்கிறாள். இந்தப் பொம்மை நிகழ்ச்சியில் தேறினால் பிழைப்பு உண்டு. மாட்டிக்கொண்டால் எல்லாம் முடிந்தது.

உப்பளத்தில் வேலை செய்யும் பாப்பாத்தி தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி அவள் முகத்தையே பார்த்தாள்.

"டிவில நீங்க பேசுனா எங்க கொளஞ்சி பேசற மாதிரியே இருக்குதும்மா. அதோ, அந்தப் பாத்தியிலதான் சின்ன வயசுல உப்பு வாருவா."

பூவிழி சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தாள். தண்ணீரும் கரித்தது.

போகிற ஊரின் பொருள் மேல் விருந்தாளியைச் சத்தியம் செய்யவைப்பது அந்த நிகழ்ச்சியின் வழக்கம். பொம்மை வாயசைத்தது. தமிழ்வேந்தன் படித்தார்.

"சீரியல்ல வர்றது உங்க சொந்தக் குரலா மேடம்? உப்பு மேல சத்தியம் பண்ணுங்க பாப்போம்."

தட்டிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்தாள். பந்தல் ஓரத்தில் பாப்பாத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"உப்பு மேல சத்தியமா, அது என் குரல்தான்."

பழகிய குரல்தான். பிசிறில்லை.

"கட்! அருமை மேடம். டீ பிரேக்."

எல்லோரும் டீ கேன் பக்கம் போனார்கள். நாக்கில் இருந்த உப்பு இன்னும் கரையவில்லை. துப்பப் பார்த்தாள், ஒட்டிக்கொண்டிருந்தது. பயத்தில் தன் பழைய கீச்சுக் குரலில் "அம்மா" என்று முனகப் பார்த்தாள்.

வரவில்லை.

எதிரே பொம்மையின் சிவப்பு வாய் திறந்தது.

அவள் வாயும் திறந்தது. தானாக.

"எம்பேரச் சொல்லு."

கொளஞ்சியின் குரல். அவள் தொண்டையிலிருந்து.

பொம்மை வாயை மூடியது. அவள் வாயும் மூடியது. திறந்தது. மூடியது. திறந்தது.

"எம்பேரச் சொல்லு."

கொளஞ்சி, கொளஞ்சி என்று உள்ளுக்குள் கதறினாள். அதை வெளியே சொல்ல அவளிடம் குரல் இல்லை.

"அப்படியே சீரியல்ல கேட்ட குரல்!" என்று யாரோ கை தட்டினார்கள். தமிழ்வேந்தன் கேமராவுக்கு ஓடினார்.

"டேய் ஜான்சா, நல்லா ஆட்டற. நிறுத்தாத!"

ஜான்சன் டீ கேன் பக்கத்தில் நின்றிருந்தான். இரண்டு கையிலும் டீ கிளாஸ். பாப்பாத்தி மட்டும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்தாள்.

கேமரா ஓடியது. மேஜை மேல், கை நுழையாத பொம்மை நிமிர்ந்து நின்று வாயசைத்தது. அதன் வாயிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. பூவிழியின் வாயிலிருந்தும்.