நாலாயிரம் பல் படங்கள்

"படத்தையெல்லாம் நான்தான் அழிச்சேனாம். இன்னைக்குச் சாயங்காலத்தோட வேலை இல்லையாம்" என்றபடி அந்தப் பெண் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். அடியில் பல் டாக்டரின் கையெழுத்து இருந்தது. அவருடைய மருத்துவமனை சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமை எழுதியவள் அவள். நாலாயிரம் எக்ஸ்ரே படங்களைச் சேமித்து, கேட்டால் எடுத்துக் காட்டுவது அதன் வேலை. திங்கட்கிழமையிலிருந்து எந்தப் பழைய படத்தைக் கேட்டாலும், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று கையை விரிக்கிறது.

"படம் நிஜமாவே இல்லையா?" என்றார் நிதானம். கணினிக் கோளாறுகளைத் துப்புத் துலக்குவது அவர் தொழில். எதற்கும் அவசரப்படாததால் வந்த பட்டப்பெயர் அது.

"அதே ஃபோல்டர்லதான் இருக்கு சார். அழிச்ச நான், மாட்டிக்கிட்டதும் திரும்ப வச்சுட்டேனாம், ஆஸ்பத்திரி மேனேஜர் சொல்றாரு. திங்கட்கிழமை நான் லீவு."

"கிளம்பலாம் மாமா" என்றார், நிதானத்துக்கு உதவியாளராக இருந்த அவர் மைத்துனர். அதற்குள் செருப்பை மாட்டிவிட்டிருந்தார்.

சர்வர் இருந்தது மேனேஜரின் அறையில். பாதி கடித்த ரொட்டி சர்வர் பெட்டியின் மேலேயே காய்ந்து கிடந்தது. கீபோர்டு பிசுபிசுத்தது. பல்லைக் குத்திய குச்சியாலேயே மேனேஜர் திரையைச் சுட்டிக் காட்டினார். பல் மருத்துவமனைக்கு வாய்த்த ஆள் இப்படி.

"நான் சர்வரைத் தொட்டதே இல்லை சார். எல்லாம் அந்தம்மா வேலை."

"வைரஸா இருக்குமோ மாமா?" என்றார் மைத்துனர்.

நிதானம் பிழைச் செய்தியை இரண்டு முறை படித்தார். "‘படங்கள்’ங்கிற ஃபோல்டர்ல தேடினேன், இல்லைங்குது. எந்த ‘படங்கள்’? தெருப் பேர் இல்லாம வீட்டு நம்பர் மட்டும் சொன்ன மாதிரி இருக்கு. இப்படி எழுதினா, எந்த ஃபோல்டர்ல இருந்து ஓட்டுறோமோ அதுக்குள்ளதான் தேடும்."

"முழு விலாசம் எழுதாதது என் தப்புதான்" என்றாள் அவள். "எப்பவும் சரியான இடத்துல இருந்து நானே ஓட்டுறதால தெரியலை."

நிதானம் டாக்டரை வரச் சொல்லிவிட்டு ஒரு வரி தட்டினார். புரோகிராம் எங்கிருந்து, எப்போதிலிருந்து ஓடுகிறது என்ற கேள்வி அது. மேனேஜரின் சொந்த ஃபோல்டர், திங்கள் காலை ஒன்பது ஐந்து என்று பதில் வந்தது.

"ஏதோ ஸ்லோவா இருந்துச்சுன்னு ஒரு தடவை நிறுத்திப் போட்டேன்" என்றார் மேனேஜர். "இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிருக்கு. படம் சேமிக்க ஃபோல்டர் இல்லைன்னா புரோகிராம் தானே புதுசா ஒண்ணு உண்டாக்கிக்கும். திங்கள், செவ்வாய் வந்த நாப்பத்தொரு படமும் உங்க ஃபோல்டருக்குள்ள வந்து விழுந்திருக்கு. செவ்வாய் மூணரைக்கு அந்தப் புது ஃபோல்டரை யார் கண்ணுலயும் படாத மாதிரி மறைச்சு வச்சிருக்கீங்க. மூணு அம்பதுக்கு இந்தம்மாவை நீக்குற கடிதத்தை டைப் பண்ணியிருக்கீங்க. ரெண்டு நேரமும் இங்க பதிவாகியிருக்கு."

மேனேஜர் குச்சியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். மைத்துனருக்கு அருவருப்பாக இருந்தது. அழுக்கு அறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது என்று வாய்விட்டே சொன்னார்.

அவள் சரியான ஃபோல்டரிலிருந்து புரோகிராமை ஓட்டினாள். நாலாயிரம் படங்களும் வந்தன. டாக்டர் சங்கடத்தோடு கையை நீட்டினார். "அந்தக் கடிதத்தைக் குடும்மா, கிழிச்சுப் போட்டுடலாம்."

அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அவர் டைப்தான் பண்ணினாரு சார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டது நீங்க. நான் வரேன்."