கடல் கொண்ட ஜெபப் பலகை

"கல்லை விடட்டுமா, அத்தான்?"

"விடு!"

காலில் கட்டிய கல் இழுக்க, இஞ்ஞாசி சர்ரென்று கடலுக்குள் இறங்கினான். கயிற்றைப் பிடித்திருந்தவன் அவன் மனைவியின் தம்பி சவரியான். முத்துக்குளிக்கிறவன் தன் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பான். அக்காள் தாலி அறுவதை எந்தத் தம்பி பொறுப்பான்?

இன்று தேடியது முத்து அல்ல. முந்தின நாள் இங்கே தோணி கவிழ்ந்து, அச்சுக்கூடத்துப் பெட்டி ஒன்று மூழ்கிவிட்டது. உள்ளே ஈய எழுத்துகளும், மாதா படமும் ஜெபமும் செதுக்கிய ஒரு பலாப் பலகையும் இருந்தன. பாதிரியார் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கு அந்தப் படத்தை அச்சடித்து அனுப்ப ஏற்பாடு. செதுக்கிய கஸ்பார் கொரைரா தோணியில் குந்தியிருந்தார். இரண்டு வருட உழைப்பு! அதற்குள் கண் மங்கிவிட்டது. இன்னொன்று செதுக்க அவரால் முடியாது.

"பறங்கி தேசத்துல புது வேதக்காரங்க சாமி படமே கூடாதுன்னு கோயில்ல புகுந்து போட்டு உடைக்காங்களாம்," என்றார் கஸ்பார். "நாம அதுக்காகக் கடலைத் துழாவுதோம்."

மூன்றாம் முறை இஞ்ஞாசி மூச்சிரைக்க மேலே வந்தான்.

"பெட்டி வாயப் பொளந்து கெடக்கு! எழுத்தெல்லாம் மணல்ல. பலகையக் காணோம்!" மூக்கில் ரத்தம் வடிந்தது. "இன்னொரு மட்டம் போறேன்."

"போவக் கூடாது!" சவரியான் கல்லைத் தூக்கித் தோணிக்குள் போட்டான்.

"அவரு முகத்தப் பாருலே!"

பார்க்க முடியாமல் சவரியான் திரும்பிக்கொண்டான். ஒரு தென்னை மட்டை ஆடியாடி வடக்கே மிதந்து போனது.

"அத்தான்... பலகை மரமில்லா? மரம் முங்குமா?"

காலமெல்லாம் கடலடியில் தேடியே பிழைத்தவர்களுக்கு மேலே பார்க்க எப்படித் தோன்றும்! இஞ்ஞாசி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

பாய் விரித்து நீரோட்டத்தோடு போனார்கள். உச்சி வேளையில் ஒரு மணல்தீவு தென்பட்டது. கரையோரப் பாசிக்குள் பலகை குப்புறக் கிடந்தது! சவரியான் அதை மணலில் சாய்த்துக் காயவைக்கப் போனான்.

"ஐயோ, வெயில்ல காட்டாத! வெடிச்சிரும்!" கஸ்பார் தலைத்துண்டை நனைத்து, பிறந்த பிள்ளையைப் போல அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பல நாள் நிழலில் உலர்த்திய பிறகு அச்சடித்தார்கள். மாதாவின் தோளருகே ஒரு சில்லு மட்டும் பெயர்ந்திருந்தது. தாள்களோடு மூவரும் பாதிரியார் இல்லாத ஒரு கரையில் இறங்கினார்கள். எழுத்தறிந்த ஒரு பெண் தாளைப் பார்த்து வாசிக்க, ஊரே முழங்காலிட்டுத் திருப்பிச் சொன்னது.

கஸ்பாருக்குத் தாள் தெரியவில்லை. தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டார்.

"ஒரு சொல்லும் கடலோட போவல," என்று சொல்லி, அவரும் முழங்காலிட்டார்.